மொழிபெயர்ப்பாளர் தெளிவு கோருகிறார்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தையும் பாதியில் வைக்கலாம்தான். ஆனால் அது மேசை மேலேயே கிடந்து உன்னை முறைத்துக்கொண்டிருக்கும். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் திறன் வாரியத்தின் சுற்றறிக்கை எங்கள் பயிற்சி மையத்துக்கு வந்து சேர்ந்தது. யாருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் ஆகத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை என்பதை இனிமேல் வாரியம் மட்டுமே முடிவு செய்யுமாம். பாடம் இல்லை, 'திறன் அலகுகள்'. தேர்வு இல்லை, 'வெளிப்படுத்தல்'. நானும் ஆசிரியை இல்லை, 'கற்றல் உதவியாளர்'. இத்தனை வருடம் வகுப்பெடுத்துவிட்டு உதவியாளர் ஆகியிருக்கிறேன். பதவி உயர்வுக்கு நன்றி.

நேற்று உங்கள் மதிப்பீட்டாளர் கையில் ஒரு டேப்லெட்டோடு வந்தார். அவருக்குச் சைகை மொழி தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லையாம். திரையில் ஒரு வீடியோ ஓடும்; எதிரே நிற்பவர் கை அதே மாதிரி போகிறதா என்று பார்த்து டிக் போட்டால் போதும். நடுவில் என்னிடம், "மேடம், கொஞ்சம் தள்ளி நிக்கறீங்களா? உங்க முகத்தப் பாத்து எல்லாரும் திருத்திக்கிறாங்க" என்றார். தள்ளி நின்றேன். என் வகுப்பில் நான் தள்ளி நின்றேன்.

எல்லா அலகிலும் டிக் வாங்கியது யார் தெரியுமா? நாங்கள் மின்னல் என்று கூப்பிடுகிறவன். கை அப்படி ஒரு வேகம், அப்படி ஒரு சுத்தம். ஆனால் எதிரே இருப்பவர் முகத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டான். கண்ணாடி முன்னால் நின்று தலை வாருகிறவன் மாதிரி தன் கையையே ரசித்துக்கொண்டிருப்பான். காது கேட்காதவர்கள் நாலு பேரை உட்காரவைத்து, இவன் சொன்னதில் என்ன புரிந்தது என்று கேட்டால் நாலு பேரும் நாலு கதை சொல்வார்கள். அதற்காகத்தான் அவனுக்குத் தேர்ச்சி கொடுக்காமல் நான் நிறுத்திவைத்திருந்தேன். இப்போது அவனுக்கு உயர்நிலை உரிமமே உறுதியாகிவிட்டது. ஆஸ்பத்திரி, நீதிமன்றம், எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

இதையெல்லாம் எழுதிய வாரியத்தின் செயலாளர் நீ. காது கேட்காத அம்மா வளர்த்த பிள்ளை. ஒன்று மட்டும் சொல். உங்கள் குழுவில் காது கேட்காதவர் ஒருவராவது இருக்கிறாரா?

அம்மா என்னோடு நன்றாகத்தான் இருக்கிறாள். கன்னத்தைக் கிள்ளிக் காட்டி (அவள் சைகையில் அதுதான் உன் பெயர், மறந்திருக்க மாட்டாய்) "எப்ப வரான்?" என்று கேட்கிறாள். வேலை அதிகம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 21

அக்காவுக்கு,

உன் கேள்விக்கு முதலில் பதில். இல்லை. குழுவில் காது கேளாதவர் யாரும் இல்லை. இரண்டு முறை கோப்பு அனுப்பினேன். இரண்டு முறையும் 'பரிசீலனையில்' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அது குறைதான், ஒப்புக்கொள்கிறேன்.

மற்றதை ஒப்புக்கொள்ள மாட்டேன். வாரியம் வருவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று உனக்கு நினைவில்லையா? மூத்தவர் ஒருவர் 'இவளுக்கு வரும், இவனுக்கு வராது' என்றால் அதோடு முடிந்தது. ஏன் என்று கேட்டால், 'பார்த்தாலே தெரியும்.' அப்படிப் பார்த்தாலே தெரிந்தவர்கள் பெரும்பாலும் அவர்களுக்கு வேண்டிய வீட்டுப் பிள்ளைகளாக இருந்தார்கள். உன்னையே முதல் தடவை ஏன் நிறுத்தினார்கள்? 'முகத்தில் களை இல்லை' என்று. சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். மின்னலை நீ நிறுத்தியதற்குக் காரணம் சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் காரணம் உன் கண்ணுக்குள் இருக்கிறது. அவன் மேல்முறையீடு செய்தால் எதை எடுத்துக் காட்டுவாய்? கண்ணைக் கழற்றியா?

மாமாவை நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது. நான் மறக்கவில்லை. அம்மாவை வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அம்மாவுக்குப் பதில் அவர்தான் பேசினார். கர்ப்பப்பையை எடுக்க வேண்டும், சம்மதமா என்று டாக்டர் கேட்டபோது மாமா அம்மா பக்கம் திரும்பக்கூட இல்லை. "எடுத்துடுங்க டாக்டர். ரெண்டு பிள்ளை இருக்கே, போதும்." தன் உடம்பில் என்ன நடந்தது என்று அம்மாவுக்குத் தெரிந்தது தையல் பிரித்து வெகுகாலம் கழித்து, ஒரு நர்ஸ் எழுதிக் காட்டியபோது. அன்றைக்கு அம்மா சமையலறையில் பாத்திரங்களைப் போட்டு உடைத்தாள். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை, நமக்குக் கேட்டது.

அதனால்தான் முதல் விதி: சொன்னதைச் சொல். கூட்டாதே, குறைக்காதே. காது கேளாதவருக்குப் பதிலாக நீ பேசாதே. மற்ற விதிகளைப் பலர் சேர்ந்து எழுதினோம். அதை மட்டும் நான் தனியாக எழுதினேன்.

அம்மாவிடம் சீக்கிரம் வருகிறேன் என்று சொல்.

தம்பி


மார்ச் 8

திறன் வாரியச் செயலாளர் அவர்களுக்கு,

தாங்கள் கையெழுத்திட்டு அனுப்பிய உரிம இடைநிறுத்த ஆணை கிடைத்தது. கையெழுத்து அழகாக இருக்கிறது. அந்தக் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவள் என்ற முறையில் எனக்குப் பெருமைதான்.

ஆணையில் 'நடுநிலை மீறல்' என்று இரண்டே வார்த்தை. நடந்ததை நான் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். காது கேட்காத தையற்காரர் ஒருவர். சர்க்கரை நோய், காலில் புண், இரண்டு விரல் கறுத்துப்போயிருந்தது. டாக்டர் கெட்டவர் இல்லை. வெளியே நடைபாதை முழுக்க ஆட்கள், அவர் காலையிலிருந்து உட்காரவே இல்லை. மடமடவென்று சொன்னார். விரல்கள் செத்துவிட்டன, எடுக்க வேண்டும், விட்டால் கால் போகும், மயக்க ஊசி, அதில் உள்ள ஆபத்து, சம்மதமா? ஒன்று விடாமல் சொன்னேன். தையற்காரர் தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டலை உனக்கு விளக்க வேண்டுமா? வாக்கியம் முடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். கண் நம் கையைப் பார்க்காது. நாம் எப்போது திருப்தியாகி விட்டுவிடுவோம் என்று நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். 'புரியவில்லை' என்று சொல்லிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர்களின் தலையாட்டல் அது.

"டாக்டர், அவருக்குப் புரியல" என்றேன்.

"அதான் தலையாட்டறாரேம்மா."

"ஒரு நிமிஷம். புரிஞ்சத அவரையே சொல்லச் சொல்றேன்."

தையற்காரர் கையால் சொன்னதை அப்படியே டாக்டரிடம் சொன்னேன்: "மருந்து வச்சுக் கட்டுவாங்க. ஊசி போடுவாங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்."

டாக்டர் பேனாவை மேசையில் போட்டார். "நான் சொல்றதச் சொல்லத்தானே வந்தீங்க? ஒவ்வொருத்தருக்கும் இப்படிப் பரீட்சை வச்சா நான் எப்ப ஆபரேஷன் பண்றது? நாளைக்கு வேற ஆள வரச் சொல்லுங்க."

புகார் அன்றைக்கே உங்களுக்கு வந்துவிட்டது. மறுநாள் போன 'வேற ஆள்' மின்னல். தையற்காரர் தலையாட்டினார், கையெழுத்துப் போட்டார் என்று கேள்விப்பட்டேன். பிறகு என்ன ஆனது என்று தெரியவில்லை. உரிமம் இல்லாத என்னை வார்டுக்குள் விட மாட்டேன் என்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் கற்றல் உதவியாளர்


மார்ச் 17

அக்காவுக்கு,

அந்த ஆணையில் நான் கையெழுத்துப் போடாமல் இருந்திருக்கலாம். அதற்கு 'சம்பந்தப்பட்டவர் என் அக்கா' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் உன் கோப்பு என் அறையை விட்டுப் போய்விடும். அது போய்ச் சேரும் அறையில் இருப்பவருக்கு உரிமத்தை ரத்து செய்ய மட்டும்தான் தெரியும். அதனால் வாயை மூடிக்கொண்டு போட்டேன்.

கோபப்படாமல் படி. தையற்காரருக்குப் புரிந்திருக்காது என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்கு வழி வைத்திருக்கிறோம். 'மொழிபெயர்ப்பாளர் தெளிவு கோருகிறார்' என்று சொல்லி, மறுபடி விளக்கும்படி டாக்டரைக் கேட்கலாம். நீ என்ன சொன்னாய்? 'அவருக்குப் புரியல.' அது இன்னொருவர் தலைக்குள் இருப்பதைப் பற்றி நீ கொடுத்த தீர்ப்பு. மாமா கொடுத்ததும் அந்த மாதிரி ஒரு தீர்ப்புதான். அவரும் அம்மாவின் நல்லதுக்கு என்று நினைத்துத்தான் பேசினார்.

விசாரணை வைப்பார்கள். 'விதி மீறப்பட்டது, வருந்துகிறேன்' என்று ஒரு வரி சொல். ஒரு புத்தாக்கப் பயிற்சி இருக்கும், உட்கார்ந்து எழுந்து வா. உரிமம் திரும்பிவிடும். உனக்காக மட்டும் இல்லை, எனக்காகவும் கேட்கிறேன்.

அம்மாவை இதில் இழுக்காதே.

தம்பி


ஏப்ரல் 1

தம்பிக்கு,

என்னை மாமாவோடு ஒரே பெஞ்சில் உட்காரவைத்தாய். இதற்குப் பதில் எழுத உட்கார்ந்து கிழித்துப்போட்ட தாளில் ஒரு பாடப்புத்தகமே போட்டிருக்கலாம். மாமா அம்மாவைக் கேட்கவில்லை. நான் தையற்காரரைக் கேட்டேன். இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

'மொழிபெயர்ப்பாளர் தெளிவு கோருகிறார்.' இதைத் தனியாக நின்று சொல்லிப் பார்த்தேன். சொல்லி முடிப்பதற்குள் அந்த டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பார். அது போகட்டும். டாக்டர் சொன்னது எனக்குத் தெளிவாகத்தான் இருந்ததே! எனக்கு இல்லாத குழப்பத்தை இருப்பதாக நடித்தால் நடுநிலை. இருப்பதைச் சொன்னால் மீறல். இதற்கு எத்தனை பேர் உட்கார்ந்து யோசித்தீர்கள்?

வார்டு நர்ஸைக் கடைத்தெருவில் பார்த்தேன். தையற்காரர் மயக்கம் தெளிந்து காலைப் பார்த்திருக்கிறார். விரல் இல்லை. யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது? ஊசிக் குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கட்டோடு, ஒரு கால் செருப்போடு வீட்டுக்குப் போய்விட்டாராம். கட்டு மாற்றக்கூட வரவில்லை. அவர் கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு வழியாக என் கை அசைவதைப் பார்த்தார், திரையை இழுத்து மூடிவிட்டார். இனி எந்த மொழிபெயர்ப்பாளரும் வேண்டாமாம்.

டாக்டர் செய்தது சரியான வைத்தியம். அந்த விரல்கள் போகத்தான் வேண்டும். எனக்கு ஆறாதது அதுதான். வைத்தியம் சரி, கை அசைவு சரி, எல்லா அலகிலும் டிக். ஆள் மட்டும் ஓடிப்போய்விட்டார்.

வருந்துகிறேன் என்று சொல்ல மாட்டேன். அம்மாவை நான் இழுக்கவும் இல்லை. விசாரணை நோட்டீஸை என் கையிலிருந்து பிடுங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "நானும் வரேன்" என்றாள்.

"எதுக்கும்மா?"

"காது கேக்காதவங்களப் பத்தி ஊரே பேசுது. கேக்காதவ ஒருத்தி பேசினா என்ன குறைஞ்சுடும்?"

சாட்சியாகப் பெயர் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்கு நான் மொழிபெயர்க்கக் கூடாது, அவள் பேசும்போது நான் அறைக்கு வெளியே இருக்க வேண்டும் என்று பதில் வந்திருக்கிறது. அப்படியென்றால் உள்ளே யார் மொழிபெயர்ப்பார்கள்? உயர்நிலை உரிமத்தோடு இப்போது இங்கே இருப்பது ஒரே ஒருவன். சிரிக்காதே, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா


ஏப்ரல் 16

அக்கா,

விசாரணை அன்று மாடிப்படியில் என்னைக் கூப்பிட்டாய். நான் நிற்கவில்லை. நின்றிருந்தால் அழுதிருப்பேன். உள்ளே நடந்ததை யாராவது உனக்குச் சொல்ல வேண்டும்.

தலைவர் நடுவில், இரண்டு பக்கமும் உறுப்பினர்கள், ஓரத்தில் தட்டச்சு செய்யும் எழுத்தர், அவருக்குப் பக்கத்தில் நான். மின்னல் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றான். வெளிச்சம் முழுக்க அவன் பின்னாலிருந்து. கை தெரிந்திருக்கும், முகம் அம்மாவுக்கு வெறும் கறுப்பாகத்தான் இருந்திருக்கும். ஜன்னல் பக்கம் நிற்காதே என்று நாம் நடக்கப் பழகும்போதே கற்றுக்கொண்டோம். அது எந்த அலகிலும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தலைவர் தாளைப் பார்த்துப் படித்தார். "நடுநிலை விதி காது கேளாதோரின் தன்னுரிமையைப் பாதுகாக்கும் பொருட்டு வகுக்கப்பட்டது என்பதை அறிவீர்களா?"

மின்னலின் கை பறந்தது. அம்மா தலையாட்டினாள். எழுத்தர் 'ஆம்' என்று அடித்தார்.

"உங்கள் மகள் அவ்விதியை மீறினார் என்பதை ஏற்கிறீர்களா?"

அம்மா தலையாட்டினாள். 'ஆம்.'

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்னைப் பற்றி அடுக்கடுக்காகக் குறை சொன்னபோது அம்மா இப்படித்தான் தலையாட்டினாள். சொல்லி முடித்ததும் அவரைப் பார்த்துச் சிரித்து, நன்றி என்று கும்பிட்டாள். வகுப்பே சிரித்தது. அன்று நான் எழுந்து, அவளுக்குப் புரியவில்லை என்று சொல்லவில்லை. இப்போது மேசைக்கடியில் என் கை தானாக 'புரியுதா?' என்று கேட்டது. அம்மா என் பக்கம் பார்க்கவில்லை. தலைவர் மூன்றாவது கேள்விக்குத் தாளைத் திருப்பினார்.

"சார், அவங்களுக்குப் புரியல" என்றேன். உன் வாக்கியம்தான்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "செயலாளர், நீங்க எந்தத் தகுதியில இதச் சொல்றீங்க?"

"இவங்க என் அம்மா சார்."

"அப்ப வெளிய உட்கார்ந்திருக்கறவங்க?"

"என் அக்கா."

"அவங்க உரிமத்த நிறுத்தி நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க? உறவ எங்கயாவது எழுதிக் குடுத்தீங்களா?"

"இல்ல சார்."

"வெளிய போங்க."

மின்னல் இதையும் விடாமல் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான். 'வெளிய போங்க' என்பதை அவ்வளவு சுத்தமாகச் செய்தான். அம்மா எழுந்து நின்றுவிட்டாள். பாவம், தன்னைத்தான் போகச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள்.

சாட்சியம் செல்லாது என்று விசாரணையை ஒத்திவைத்துவிட்டார்கள். உன் உரிமம் அப்படியே நிறுத்தத்தில் இருக்கிறது. உறவை மறைத்ததற்காக எனக்கு இடமாற்றம். எடை அளவுத் துறை, ஏதோ ஒரு மலை ஊரில். நாளைக்கு அறையைக் காலி செய்கிறேன்.

அம்மாவுக்காக ஒரு தடவையாவது வாயைத் திறந்தேன். அதை மட்டும் அவளிடம் சொல்.

தம்பி


மே 2

தம்பிக்கு,

உனக்கு ஆறுதல் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். அதற்கு முன்னால் உன் கடிதத்தை அம்மாவுக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அது என் தப்பு. அம்மா உன் மேல் கொதித்துக்கொண்டிருக்கிறாள்.

"எனக்குப் புரியலன்னு அவனுக்கு யாரு சொன்னா?"

"நீ தலையாட்டினதப் பாத்தானாம்."

"அந்தப் பெரியவர் தாளவிட்டுத் தலைய நிமித்தாமப் படிச்சிட்டிருந்தார். முடிச்சிட்டு என்னப் பாக்கட்டும், அப்புறம் பேசிக்கலாம்னு ஆட்டினேன். பாதி புரிஞ்சுது. மீதிய நானே கேட்டிருப்பேன். கேக்கறதுக்குன்னு எல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன். இவன் நடுவுல எழுந்து கெடுத்துட்டான்."

"அவங்க 'ஆம்'னு அடிச்சுட்டாங்கம்மா."

"அடிக்கட்டுமே. அடிச்சதக் காட்டுன்னு கேட்டு, இல்லன்னு சொல்லியிருப்பேன். எனக்கென்ன வாய் இல்லையா?" என்று இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவள் எழுந்து நின்றதையும் கேட்டேன். தன்னைப் போகச் சொன்னதாக நினைத்தாயா என்று. என்னைப் பார்த்த பார்வையில் நான் சின்னப் பிள்ளையாகிவிட்டேன். "என் பையன வெளிய போங்கறாங்க. நான் எதுக்கு அங்க உட்காரணும்?"

சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அவள் பேசுவதற்காக ஒரு விசாரணையே நடந்தது. மின்னல் முகம் காட்டாமல் மொழிபெயர்த்தான், தலைவர் நிமிராமல் கேட்டார், நீ அவளைக் கேட்காமலே அவளுக்காக எழுந்தாய். நான் வெளியே உட்கார்ந்து உன் மேலதிகாரிகளைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவள் வாயைத் திறக்கவே இல்லை.

என் விஷயத்தையும் யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு டாக்டரிடம் முதலில் 'அவருக்குப் புரியல' என்றேன், அப்புறம்தான் தையற்காரரைக் கேட்டேன். வரிசை மாறியிருக்க வேண்டும். இதை உனக்கு மட்டும் சொல்கிறேன், வாரியத்துக்கு இல்லை.

அம்மா கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், புது ஊரில் குளிர் எப்படி, சமைத்துச் சாப்பிடுகிறானா என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாள்.

அக்கா


ஜூன் 5

அக்காவுக்கு,

இங்கே என் வேலை தராசைச் சரிபார்ப்பது. ஒரு எடைக்கல்லை இன்னொரு எடைக்கல்லோடு வைத்துப் பார்க்கிறோம். சரியாக இருந்தால் முத்திரை, இல்லாவிட்டால் இல்லை. எந்தக் கல்லும் எங்களிடம் கோபித்துக்கொள்வதில்லை. நான் இதற்குத்தான் லாயக்கு என்று தோன்றுகிறது.

அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். எளிய வார்த்தைகளாகப் போட்டிருக்கிறேன். அவளே படிக்கட்டும், நீ சொல்லாதே. எதுவும் புரியாவிட்டால் அவளே கேட்கட்டும்.

பழைய அலுவலகத்து நண்பர் சொன்ன செய்தி: உன் வழக்கு பத்திரிகையில் வந்ததும் வாரியம் பதறிப்போய்ப் புதிய அலகு ஒன்றைச் சேர்த்திருக்கிறது. 'புரிதலைச் சரிபார்த்தல்.' உரிமம் நிறுத்தப்பட்டவர்கள் அதில் தேறினால் உடனே திரும்பக் கிடைக்கும். அக்கா, தயவுசெய்து போ. அது நீ சொன்ன வாக்கியத்திலிருந்து பிறந்த அலகு. அதில் நீ தோற்க வழியே இல்லை.

தம்பி


ஜூலை 12

தம்பிக்கு,

தோற்றுவிட்டேன்.

தேர்வு என்பது வீடியோ பார்ப்பதுதான். திரையில் ஒருவருக்குச் சைகையில் ஏதோ சொல்கிறார்கள். அவர் தலையாட்டுகிறார், சிரிக்கிறார், நெற்றியைச் சுருக்குகிறார். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று பார்த்துப் பொத்தானை அமுக்க வேண்டும். நடித்தவர் யார் தெரியுமா? உங்கள் எழுத்தர். விசாரணை அன்று வாசலில் எனக்கு வழி சொன்னாரே, அவரேதான். முதல் காட்சியிலேயே தெரிந்துவிட்டது, மனிதருக்குச் சைகை மொழியில் ஒரு எழுத்து தெரியாது. எல்லாக் காட்சிக்கும் 'புரியவில்லை' என்று அமுக்கினேன்.

"மேடம், ஒரே பொத்தானயே அமுக்கறீங்க" என்றார் மதிப்பீட்டாளர்.

"எதுலயும் அவருக்குப் புரியலப்பா."

"இல்ல மேடம், பாதியில புரிஞ்ச மாதிரிதான் நடிக்கச் சொல்லியிருக்கோம்."

ஆறு மாதம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாமாம். வாசலில் மின்னலைப் பார்த்தேன், முழு மதிப்பெண். என்னைப் பார்த்துச் சங்கடப்பட்டுக்கொண்டு, "டீச்சர், ஜன்னல் விஷயத்த யாரும் எனக்குச் சொல்லவே இல்ல" என்றான். சொல்லியிருந்தேன். அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனாலும் அவன் கேட்டானே என்று நின்று பேசினேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருகிறான். அம்மா அவனை உட்காரவைத்து வறுத்தெடுக்கிறாள். டிக் போட மாட்டேன் என்கிறாள்.

தையற்காரர் கதையைச் சொல்கிறேன். அம்மா ஒரு நாள் கிழிந்த பையைத் தைக்கக் கொடுக்கப்போகிறேன் என்று கிளம்பினாள். கூடவே போனேன். என்னை வெளியே நிறுத்திவிட்டுத் தையல் மிஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் பயங்கரச் சண்டை, கை நாலும் காற்றைக் கிழித்தது. பிறகு அம்மா தன் வயிற்றைத் தொட்டு அந்தக் கர்ப்பப்பை ஆபரேஷனைப் பற்றிச் சொன்னாள். என்னிடம்கூட அவள் அதைச் சொன்னதில்லை. தையற்காரர் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து, "காலு நாறுது. நாளைக்கு ஆஸ்பத்திரி வரானாம். நீயும் வரணுமாம்" என்றாள்.

வார்டு வாசலில் காவலாளி மறித்தார். "மொழிபெயர்ப்பாளர்னா உரிமம் காட்டுங்க."

"நான் மொழிபெயர்ப்பாளர் இல்ல."

"அப்ப நோயாளிக்கு நீங்க என்ன வேணும்?"

தையற்காரரைப் பார்த்தேன். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. நெற்றியில் விரலால் மூத்தவள் என்று சுழித்துக் காட்டினார்.

"அக்கா" என்றேன்.

"முதல்லயே சொல்றதுக்கென்ன? உள்ள போங்க."

அதே டாக்டர்தான். என்னைக் கண்டதும் அவர் முகம் மாறியது. "உங்க உரிமத்த நிறுத்தியிருந்தாங்களே?"

"இன்னும் நிறுத்திதான் வச்சிருக்காங்க டாக்டர். நான் இவருக்கு அக்காவா வந்திருக்கேன்."

என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "சரி, நான் கொஞ்சம் கொஞ்சமா சொல்றேன். என்ன புரிஞ்சுதுன்னு உங்க தம்பி எனக்குத் திருப்பிச் சொல்லட்டும்" என்றார். தையற்காரர் அவரைக் குடைந்து எடுத்துவிட்டார். ஏன் கறுத்தது, வெட்டினால் வலிக்குமா, மிஷினை மிதிக்க முடியுமா, வெட்டிய விரலை எங்கே போட்டீர்கள்? கடைசிக் கேள்விக்கு டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மன்னிப்புக் கேட்டார். இன்னொரு விரல் போகும், கால் நிற்கும். இந்தத் தடவை தலையாட்டல் எல்லாம் இல்லை. "செய்யுங்க" என்று கையை நீட்டிச் சொன்னார்.

ஊரில் செய்தி பரவிவிட்டது. உரிமம் பெற்றவர் வேண்டாம், இவளைக் கூட்டிப் போகலாம் என்று வருகிறார்கள். நான் ஒருத்திக்குச் சித்தி, ஒருவருக்கு மகள், ஒரு பெரியவருக்கு மருமகள். சொந்தக்காரி என்ன பேசினாலும் அதற்கு விதி இல்லை, புகார் இல்லை, விசாரணை இல்லை. நான் கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சொன்னாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. உனக்கு இது எவ்வளவு பிடிக்காது என்று தெரியும். எனக்கும் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அன்றைக்குப் பேசியதை எல்லாம் அம்மாவிடம் ஒப்பிக்கிறேன். அவள் நடுநடுவே நிறுத்தி, "அத அவ சொன்னாளா, நீ சொன்னியா?" என்று கேட்கிறாள். இப்போதைக்கு எனக்கு இருக்கும் வாரியம் அவள் ஒருத்திதான்.

வியாழக்கிழமை ஒரு பிள்ளைத்தாய்ச்சியோடு போகிறேன். முதல் பிரசவம், பயந்துபோயிருக்கிறாள். அவளுக்கு நான் அத்தையா, பெரியம்மாவா, நாத்தனாரா என்று இன்னும் முடிவாகவில்லை. வாசலில் கேட்கும்போது பார்த்துக்கொள்கிறோம்.

அக்கா